ஆடியில் நடந்தவள்

"அம்மா, இன்னைக்கு ஆடிப் பௌர்ணமி. ஒக்கார வேண்டிய நாள்ல நாம எதுக்குக் கெளம்புதோம்?"

அந்துவன் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. விதி அவன் பக்கம்தான் இருந்தது.

அந்தக் கூட்டத்துத் துறவிகள் மழைக்காலத்தில் நடக்க மாட்டார்கள். மழை விழுந்தால் மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும், வழி முழுக்க உயிராகக் கிடக்கும். ஒன்றையும் மிதிக்கக் கூடாது என்பதற்காக, ஆடிப் பௌர்ணமியில் ஓரிடத்தில் உட்கார்ந்தால் கார்த்திகைப் பௌர்ணமியில்தான் எழுந்திருப்பார்கள். மற்ற மாதமெல்லாம் ஊர் ஊராக நடை.

குரத்தி குகை வாசலுக்கு வந்தாள். அவர்கள் கூட்டத்தில் பெண் குருவைக் குரத்தி என்பார்கள். அந்துவனுடைய மூத்த மகள் வயதுதான் அவளுக்கு இருக்கும்.

அவள் கையை வெளியே நீட்டினாள். ஆடிக்காற்று அள்ளி வந்த செம்மண் புழுதி உள்ளங்கையில் படிந்தது. அதை அவன் மூக்குக்கு நேரே காட்டினாள்.

"மழை எங்க, உப்புக்காரரே?"

"விதியில போட்டிருக்கே அம்மா."

"அங்க பெய்யுதா?"

மயிற்பீலியை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள். அந்துவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

அவன் உப்பு வணிகனாக இருந்தவன். கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை வண்டி ஓட்டியவன். நரை விழுந்த பிறகு வண்டியையும் மாட்டையும் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு இவளிடம் வந்து சேர்ந்தான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தன் கைக்கும் ஒரு பீலி வரவேண்டும்.

வழியில் பூச்சி புழுவை விலக்குவதற்கு மயில் இறகால் கட்டிய துடைப்பம்தான் பீலி. குரு அதைக் கையில் கொடுத்தால் அன்றுமுதல் அவன் துறவி. அதுவரை மூட்டை தூக்கி. வருகிற கார்த்திகைப் பௌர்ணமிக்குப் பெரிய மடத்தில் சபை கூடும்போது அவனுக்கும் கொடுப்பதாகப் பேச்சு.

இந்த நேரம் பார்த்துக் குரத்தி இப்படிச் செய்தால் அந்தப் பேச்சு என்ன ஆகும்?

அடுத்த ஊர்ப் பாறைக் குகையில் துறவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புழுதிக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வராத மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். இவர்கள் இருவரும் நடந்து போவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்துவனுக்கு அவமானமாக இருந்தது.

"எல்லாரும் நம்மளையே பாக்காங்கம்மா."

"பாக்கட்டும். பாவம், ஒக்காந்தே இருக்காங்க. வேற என்ன சோலி இருக்கு?"

விதியைச் செய்தவர்களைக் குறை சொல்லக் கூடாது. நல்லவர்கள். வடக்கே, அவர்கள் ஊரில் ஆடியில்தான் மழை கொட்டும். அங்கிருந்து விதியைப் பத்திரமாகத் தலையில் சுமந்து இங்கே கொண்டுவந்தார்கள். மழையைக் கூட்டிவர மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

ஆடி முழுவதும் நடந்தார்கள். ஆவணியும் நடந்தார்கள். புரட்டாசி வெயிலில் அந்துவனின் கால் வெடித்து ரத்தம் கசிந்தது. குரத்தி ஒரு நாள்கூட நிற்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் கீழ்வானம் கறுத்தது. நடுவழியில் அவள் நின்றாள். மூக்கில் விழுந்த துளியைத் துடைத்துக்கொண்டு சுற்றும் பார்த்தாள். பக்கத்தில் ஒரு மொட்டைப் பொத்தை, மரமில்லாத சின்னக் குன்று. பாதி உயரத்தில் ஒரு தட்டைப் பாறை, உச்சியில் ஒரு குகை. விறுவிறுவென்று ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்கதான்."

"எம்புட்டு நாளும்மா?"

"மழைகிட்டக் கேளும்."

அடிவாரத்து ஊர்க்காரர்கள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது.

கார்த்திகை பிறந்ததும், அரை நாள் நடைத் தொலைவில் இருந்த பெரிய மடத்திலிருந்து ஏவலாள் வந்தான். துறவிகளை அடிகள் என்று கூப்பிடுவார்கள், மடத்துத் தலைவரைப் பெரிய அடிகள் என்பார்கள். அவர் விதிப்படி உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை, ஆளைத்தான் ஓட விட்டிருந்தார். அவன் காலில் மிதிபட்டது யார் கணக்கிலும் சேராது போலிருக்கிறது.

ஏவலாள் சேற்றுக் காலோடு நின்று ஒப்பித்தான்.

"ஆடியில் நடந்த குரத்தி, பௌர்ணமிச் சபைக்கு வந்து தன் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். வராவிட்டால் அவள் குரத்தி அல்லள். அவள் மாணவனுக்குப் பீலியும் இல்லை."

"நனைஞ்சிருக்கீரே, கஞ்சி குடிக்கீரா?" என்றாள் குரத்தி.

அவன் குடித்துவிட்டுப் போனான். பதில் அவ்வளவுதான்.

அந்துவனுக்குப் பொறுக்கவில்லை. அவன் அவளிடம் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை.

"ஒரு வார்த்த, அம்மா. தெரியாம நடந்துட்டோம்னு ஒரு வார்த்த. அதுக்கு மேல அவங்க என்ன கேக்காங்க?"

"தெரிஞ்சுல்லா நடந்தேன்."

"எனக்காகச் சொல்லக் கூடாதா?"

குரத்தி அவனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"உப்புக்காரரே, நீரு கார்த்திகையில வண்டி பூட்டுவீரா?"

"கிறுக்கன்கூடப் பூட்ட மாட்டான். உப்பு பூராவும் கரைஞ்சு போகும்."

"எப்ப பூட்டுவீரு?"

"மழ வெறிச்ச பொறவு."

"எந்த ஏட்டைப் பாத்து?"

"ஏடு எதுக்கு? வானத்தப் பாத்துத்தான்."

அவள் கஞ்சிக் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அது அவனுக்கு இன்னும் எரிச்சல் மூட்டியது.

"நான் இப்ப உப்பு விக்கலம்மா."

"ஆமா. வித்த காலத்துல வானத்தப் பாத்தீரு."

பௌர்ணமியன்று காலையில் அந்துவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"நான் சபைக்குப் போறேன். நீங்க வராட்டாலும் நான் போய்க் கால்ல விழுதேன். எனக்கு வயசாகுதும்மா. இன்னொரு வருசம் இருக்கேனோ இல்லையோ."

தடுப்பாள் என்று எதிர்பார்த்தான். திட்டினாலும் நன்றாக இருந்திருக்கும்.

குரத்தி சுவரோரம் சாத்தியிருந்த தன் பீலியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"வழியில உசுரு கெடந்தா வெலக்கிட்டுப் போம்."

"நான் திரும்பி வந்து தாரேன்."

"போம்."

அவன் இறங்கினான்.

முதல் அடியிலேயே ஒரு மரவட்டை சுருண்டு கிடந்தது. பீலியால் மெல்ல ஒதுக்கினான். ஒதுக்கிய இடத்தில் இரண்டு நத்தைகள். அவற்றை விலக்கினான். அதற்குள் மரவட்டை திரும்பி வந்துவிட்டது.

காத்திருந்து ஒரு காலை வைத்தான்.

அடுத்த அடிக்கு, நகம் அளவுத் தவளைக் குஞ்சுகள். தள்ளத் தள்ளக் குதித்து அவன் பாதத்தின் மேலேயே ஏறின. அதற்குக் கீழே சிறகு உதிர்ந்த ஈசல்கள், நனைந்து, ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஓரமாகப் போகலாம் என்று பார்த்தான். ஓரம் என்று ஒன்று இருந்தால்தானே?

முதலில் வைதான். பிறகு கெஞ்சினான். "கொஞ்சம் நகரு, சாமி. எனக்குச் சோலி இருக்கு." யாருக்கும் அவன் அவசரம் புரியவில்லை. மழை பெய்தால் வெளியே வருவதுதான் அவற்றுக்குச் சோலி.

பொழுது சாயும்போது தட்டைப் பாறைக்கு வந்து சேர்ந்திருந்தான். திரும்பிப் பார்த்தான். கூப்பிடு தூரத்தில் குகை.

சபை இந்நேரம் கூடியிருக்கும், அவன் பெயரையும் அடித்துவிட்டிருப்பார்கள். மழையில் உட்கார்ந்து அழுதான். பார்க்க ஆள் இல்லை என்பதால் நன்றாகவே அழுதான்.

மேலே அண்ணாந்தபோது பௌர்ணமி நிலவைக்கூடக் காணோம். எல்லாம் மேகம்.

இந்த வானத்தைப் பார்த்து நானே வண்டி பூட்டியிருக்க மாட்டேனே என்று அவனுக்குத் தோன்றியது.

பாறை இடுக்கில் ஒடுங்கிக்கொண்டு விடியும்வரை அங்கேயே கிடந்தான்.

மறுநாள் அடிவாரத்துப் பாதையில் ஆள் அரவம் கேட்டது. பெரிய மடத்துத் துறவிகள். மழைக்காலம் விதிப்படி முடிந்துவிட்டதால் புறப்பட்டுவிட்டார்கள். முன்னால் பெரிய அடிகள், அவர் தலைக்கு மேல் ஏவலாள் பிடித்த ஓலைக்குடை. அதையும் மீறித் தண்ணீர் அவர் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லார் கையிலும் பீலி இருந்தது. அடிக்கு ஒருமுறை, சும்மா சொல்லக் கூடாது, தவறாமல் வீசினார்கள். வீச்சு ஒரு பக்கம் போயிற்று, கால் ஒரு பக்கம் போயிற்று.

அவர்கள் வந்த வழியை அந்துவன் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம் என்று இருந்தது.

பெரிய அடிகள் பொத்தையின் கீழே நின்று குரல் கொடுத்தார்.

"குரத்தியே, இறங்கி வந்து தலை வணங்கு. பிழையை மன்னிக்கிறோம்."

உச்சியிலிருந்து குரல் வந்தது.

"மழை நிக்கட்டும் அடிகளே. வாரேன்."

"மழைக்காலம் நேற்றோடு முடிந்தது."

மேலே அவள் சிரித்தாளோ என்னவோ, மழைச் சத்தத்தில் தெரியவில்லை.

பெரிய அடிகளின் பார்வை பாதி வழியில் இருந்த அந்துவன் மேல் விழுந்தது. நனைந்து, சேறாகி, கண் சிவந்திருந்த அந்த ஆளைப் பார்த்ததும் அவர் குரல் கனிந்தது. அவர் கெட்டவர் இல்லை.

"நீதானே அவளுடைய மாணவன்? சபைக்கு வரத்தான் புறப்பட்டாய் என்று தெரிகிறது. அது போதும். இறங்கி வா. இப்போதே, இவ்விடத்திலேயே, என் கையால் உனக்குப் பீலி தருகிறேன்."

அந்துவன் எழுந்தான்.

எத்தனை காலமாகக் காத்திருந்த வார்த்தை அது. கேட்டதும் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டான். பாறைக்கும் அவருக்கும் நடுவில் சின்னச் சரிவுதான். குதித்து இறங்கினால் ஆயிற்று.

சரிவைப் பார்த்தான். அது ஊர்ந்துகொண்டிருந்தது.

தன் வலக்கையைப் பார்த்தான். அதில் பீலி இருந்தது. நேற்றிலிருந்தே இருந்தது.

"வா அப்பா, ஏன் தயங்குகிறாய்? மழைக்காலம் முடிந்துவிட்டது."

அந்துவன் இடக்கையைப் பாறைக்கு வெளியே நீட்டினான். உள்ளங்கையை விரித்தான்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அது நிறைந்து வழிந்தது.

அவன் கையை மடக்கவில்லை. பெரிய அடிகளின் கண்ணைப் பார்த்தபடியே, நீட்டிய கை நீட்டியபடி, பாறை மேல் உட்கார்ந்தான். எழுந்திருக்கும் உத்தேசம் அந்த உட்காரலில் இல்லை.

"இறங்கி வராவிட்டால் நீ ஒருநாளும் துறவி ஆக மாட்டாய்."

"சரி" என்றான் அந்துவன்.

அப்போது உச்சியிலிருந்து குரத்தி கூப்பிட்டாள்.

"அடிகளே!"

பெரிய அடிகள் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது உப்புக்காரனை.