போன கால் போனதுதான்

மலையடிவாரத்து ஊரொன்றில் உலகம்மாள் என்றொருத்தி இருந்தாள். செங்கல் லாரி ஏறி இடது கால் முழங்காலோடு போய்விட்டது. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஊனமுற்றோர் உதவித்தொகையில்தான் ஒற்றை வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் அதைப் புதுப்பிக்கப் போனபோது, உதவித்தொகை ஆபீஸ் அதிகாரி கதிரேசன் அவளுடைய மருத்துவச் சான்றிதழை அவள் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டார்.

"இது போன வருஷத்துது. கால் இன்னும் அப்படியேதான் இருக்குன்னு டாக்டர்கிட்ட புதுசா எழுதி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் பணம் கிடையாது."

பெரியாஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறவேண்டும். கைத்தாங்கலாகக் கூட்டிப்போக ஒரு ஆள் கிடையாது. உலகம்மாள் அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். படத்தில் அடர்ந்த சுருட்டை முடி. எதிரே பளபளவென்று வழுக்கை.

"ஐயா, அட்டையில இருக்கது உங்க தம்பிங்களா?"

"நான்தான். பழைய படம்."

"முடி இன்னும் முளைக்கலேன்னு வருஷா வருஷம் எழுதி வாங்கலையா?"

"போன முடி எங்க திரும்பி வரப்போகுது?" என்று சீறினார்.

"என் காலுக்கும் டாக்டர் அதையேதான் எழுதியிருக்காரு. படிச்சுப் பாருங்க."

பின்னால் நின்ற வரிசையே சிரித்தது. கதிரேசன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

"அடுத்த வருஷம் புதுசு இல்லாம வந்துராத!"

"எப்பாடு பட்டாவது வாங்கிட்டு வாரேன்யா. இருக்கேனா போயிட்டேனான்னு கேக்க உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"