கொடி கட்டிய ஜீப்

அத்தை கூப்பிடுவதற்குள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொல்கிறேன். தேர்தலுக்கு முன்னால் ஒரு கட்சித் தலைவர், கொடி கட்டிய ஜீப்பில் போய்க் கருத்துக்கணிப்பு எடுத்தார். வீட்டுக்கு வீடு, "உங்களுக்குத்தாங்க ஓட்டு" என்றார்கள்.

"எனக்கென்னமோ இழுபறிதாங்க வரும்னு படுது," என்றான் டிரைவர் சடையன்.

"சாயங்காலத்துக்குள்ள நிரூபிடா. இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டுப் போ!"

சடையன் தலைவரை ஆள் தெரியாதபடி பின்சீட்டில் படுக்க வைத்தான். எதிர்க்கட்சிக் கொடியைக் கட்டிக்கொண்டு அதே தெருவுக்குப் போனான். "உங்களுக்குத்தாங்க ஓட்டு." மூன்றாவது கட்சிக் கொடிக்கும் அதே பதில்.

தலைவர் எழுந்து உட்கார்ந்தார். "அப்ப யாருக்குத்தான்டா போடுவாங்க?"

"அது அவங்களுக்கே தெரியலீங்க. அதான் இழுபறின்னேன்."

அப்படியே ஆச்சு. யாருக்கும் மெஜாரிட்டி இல்லை. சாவி சடையனிடமே இருந்தது. கூட்டணி பேசக் கிளம்பிய தலைவரிடம், "எந்தக் கொடியைக் கட்டட்டுங்க?" என்று கேட்டான். அவர் ரொம்ப நேரம் தலையைச் சொறிந்துவிட்டு என்ன சொன்னார் என்றால்... இதோ வரேன் அத்தை! பிள்ளையைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க, மிச்சக் கதையை அப்புறம் சொல்றேன்.