காது வெட்டுப்பட்ட பனிமான்

ராவ்னா என்ற பனிமானை அவள் பிறந்த மலையிலிருந்தே விரட்டினார்கள். காரணம்? அவள் காதில் ஒரு வெட்டு இருந்ததாம்!

வடகோடியில் பனி மூடிய மலை அது. அடிவாரத்தில் மனிதர்கள் 'பாதுகாக்கப்பட்ட காடு' என்று பலகை நட்டார்கள். அன்றிலிருந்து அங்கிருந்த வெள்ளை முயலுக்குத் தலைகால் புரியவில்லை. மலைக்குக் காவல்காரனே தான்தான் என்று கிளம்பிவிட்டது.

"நில்! காதில் என்ன வெட்டு?" என்று ராவ்னாவை மறித்தது.

"பனிமான் மேய்க்கும் 'சாமி' இனத்து மாரெத் போட்ட அடையாளம். தங்கள் மந்தைக் குட்டிகளுக்கெல்லாம் அந்த மக்கள் இப்படித்தான் போடுவார்கள்."

"அப்போ நீ காட்டு விலங்கே இல்லை. வெளியே போ!"

"என் வம்சமே இங்கேதானே மேய்ந்தது?"

"பலகை அப்படிச் சொல்லவில்லையே!"

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

முயல் இருமியது. "அது வேறு விஷயம். கிளம்பு, கிளம்பு!"

பனிக்கோழிகளும் அதற்குப் பயந்து ஆமாம் போட்டன. ராவ்னாவுக்கு வயிற்றில் குட்டி. இந்தக் குளிரில் மேய்ச்சலைப் பறிப்பது என்ன நியாயம்? கொதித்த மனதோடு மந்தையைக் கூட்டிக்கொண்டு, மேயப் பாசி அதிகமில்லாத அடுத்த மலைச் சரிவுக்குப் போனாள்.

பிறகு பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. செடிகொடியெல்லாம் அடியில் புதைந்தன. முயல் தோண்டிப் பார்த்தது. தலைகுப்புற மாட்டிக்கொண்டு பின்னங்கால்களை உதைத்தது!

பனிக்கோழிகள் அதை இழுத்துப் போட்டன. "ராவ்னா அக்கா குளம்பால் பறித்த குழிகளில்தானே வருஷாவருஷம் நாம் சாப்பிட்டோம்!"

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீ எங்கே எங்களைப் பேசவிட்டாய்?"

எல்லாரும் ராவ்னாவிடம் ஓடினார்கள்.

"காவல்காரன் கேட்கிறேன்..." என்று ஆரம்பித்தது முயல்.

"யாரு?"

"சரி, பசிக்காரன் கேட்கிறேன். வந்துடு அக்கா!"

ராவ்னாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மந்தையோடு துள்ளி இறங்கினாள். குளம்புகள் பட்ட இடமெல்லாம் பனி பறந்தது. அடியிலிருந்து பாசியும் பழச்செடிகளும் தலைகாட்டின. மலையெங்கும் ஒரே விருந்து, ஒரே கும்மாளம்!

வாய் நிறைய இலையோடு முயல் கேட்டது: "அப்போ, மலையை எப்படித்தான் காப்பாற்றுவதாம்?"

"ஒரு மண்ணைக் காப்பாற்றுவது என்றால், அந்த மண்ணோடு வாழ்ந்துவரும் உயிர்களையும் மக்களையும் சேர்த்துக் காப்பாற்றுவதுதான்!" என்றாள் ராவ்னா.