இளநீர் கொடுத்த கை

இந்த வழக்கில் களவில்லை, கொலையில்லை. ஒரே ஓர் இளநீர்தான். அதைக் கொடுத்தது யார் என்பதில்தான் மூன்று பேருக்குப் போட்டி.

செண்பகவல்லியின் புருஷன் மாசானத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பழ ஆசை மட்டும் விடவில்லை. நர்ஸ் இரங்கி ஒரு வழி சொன்னாள்: "மெஷின் ஓட ஆரம்பிச்ச முதல் ஒரு மணி நேரத்துல ரெண்டு துண்டு குடுங்கக்கா. பழத்துல உள்ள பொட்டாசியத்த மெஷினே கழுவிரும். வீட்டுல பழம், இளநீர் எதத் தொட்டாலும் அது ரத்தத்துலயே தங்கி, நெஞ்சுத் துடிப்பு மட்டுப்பட்டு ஆளையே சாச்சிரும்."

தன் அக்கா உலகம்மாள் வந்தால் எழுந்து உட்கார்ந்து சிரிக்கிற மனுஷன், பெண்டாட்டியைக் கண்டால் சுவர் பார்த்துப் படுப்பார். அந்த இரண்டு துண்டு மாம்பழத்துக்கு மட்டும் அவள் பக்கம் திரும்புவார்.

ஒருநாள் உலகம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். "ஏட்டி செம்பகம், இவன் இதெல்லாம் திங்கலாமா?"

"என் கையால குடுத்தா ஒண்ணும் செய்யாது மதினி."

முதல் மணி நேரம் என்பதைச் சொல்லவில்லை. அந்த ரகசியம் ஒன்றாவது தன்னிடம் இருக்கட்டும் என்று விழுங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பினால், குப்பையில் சீவிய இளநீர்க் கூடு. உலகம்மாள் வந்து போயிருக்கிறாள் என்பது கேட்காமலே தெரிந்தது. அந்த வயிற்றெரிச்சலில், இளநீர் ஆளைச் சாய்க்கும் என்பது நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் டயாலிசிஸுக்கு உலகம்மாளும் கூட வந்தாள். மெஷினில் போடுமுன்பே மாசானத்துக்குக் கண் செருகியது. துடிப்பு நாற்பதுக்கும் கீழே.

"பிரஷர் மாத்திரையாலயும் இருக்கலாம். நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர்.

மாசானம் அக்காவைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல சார்."

உயிர் போகிற நேரத்திலும் அக்காவைக் காட்டிக்கொடுக்காத வாய்! எனக்காக இப்படி ஒரு பொய் சொல்லியிருப்பாரா என்றிருந்தது செண்பகவல்லிக்கு.

"இளநீர் டாக்டர்! நான்தான் குடுத்தேன்," என்றாள்.

"பொய் சொல்லுதா. சீவிக் குடுத்தது நான்லா," என்றாள் உலகம்மாள்.

"ரெண்டு பேருமில்ல. நானே வாங்கிக் குடிச்சேன்," என்று முனகினார் மாசானம்.

டாக்டர் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஊசி போட்டு, மெஷினை ஓட்டச் சொன்னார். துடிப்பு மெல்ல ஏறியது.

மூவரில் யார் சொன்னது உண்மை?

விடை: செண்பகவல்லி சொன்னதே. இளநீரைச் சீவியது உலகம்மாள். "ஒண்ணும் செய்யாது" என்ற அரை வார்த்தையைக் கொடுத்து அவளைச் சீவ வைத்தது செண்பகவல்லி. ஆனால் அதை உணர்ந்தா ஒப்புக்கொண்டாள்? பழியைக்கூட மதினிக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான். "ரெண்டு பேருமில்ல" என்று அவர் சொன்ன பொய்யில் தனக்கும் பாதி இருந்ததை அவள் கவனித்தாள். பாதிதான் என்பதையும்.