செவ்வந்திக்குத் தெரியாமல் ஊருக்குப் போன ராஜா

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் ஊருக்குப் போகப் பல்லக்கு தேடிய காலத்தில், ஒரு நாட்டை மகுடவர்மர் என்பவர் ஆண்டுவந்தார். நாலு தேசத்தை ஜெயித்த மனுஷன். ஆனால் செவ்வந்தி என்கிற பூனை மடியில் தூங்கிவிட்டால் போதும், கால் மரத்துப்போனாலும் அசையமாட்டார். சபை காத்துக் கிடக்கும். அது ராணி வளர்த்த பூனை. ராணி காலமாகிவிட்டாள், ஒரே மகளும் தூர தேசத்தில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். அவ்வளவு பெரிய அரண்மனையில் ராஜாவிடம் பயமில்லாமல் வந்து ஒட்டிக்கொள்கிற ஜீவன் அது ஒன்றுதான். பாவம், அவருக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

ஒருநாள் மகளிடமிருந்து ஓலை வந்தது. பேரனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் இல்லாத பிள்ளை, ஆகவே தாத்தா மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். போக வர ஒரு மாதம் ஆகும். ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே செவ்வந்தியை யாரிடம் விடுவது என்ற கவலை பிடித்துக்கொண்டது. கூடவே கூட்டிப்போகலாம் என்று பல்லக்கில் ஏற்றிப் பார்த்தார். அது கோட்டை வாசல் தாண்டுவதற்குள் பட்டுத் திரையைக் கிழித்துக்கொண்டு குதித்து வீட்டுக்கு ஓடிவந்துவிட்டது.

போன வருஷம் மூன்றே நாள் வேட்டைக்குப் போனபோது, மூத்த மந்திரியான பிரதானி பூபாலராயர் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிப்போனார். தங்கக் கூண்டில் அடைத்து, வெள்ளிக் கிண்ணத்தில் பால் பாயசம் வைத்தார். பூனைக்குப் பாயசம் வைத்த புண்ணியவானை என்ன சொல்வது? அது வாயே வைக்கவில்லை. ராஜா திரும்பி வந்தபோது வயிறு ஒட்டிப்போயிருந்தது.

அதனால் இந்தத் தடவை ராஜா சபையில் கறாராகச் சொன்னார். "யாம் ஊரில் இல்லை என்பதே செவ்வந்திக்குத் தெரியக் கூடாது. ஒரு நாள்கூடத் தெரியக் கூடாது. அப்படிப் பார்த்துக்கொள்ள யாரால் முடியும்? முடியாதென்றால் பயணம் இல்லை."

பிரதானிக்கு விகடகவி நல்லாண்டானைக் கண்டாலே ஆகாது. அவன் பேச்சுக்கு ராஜா சிரித்தால் இவருக்கு வயிறு எரியும். இதுதான் சமயம் என்று எழுந்து கைகட்டினார்.

"மகாராஜா, நம் விகடகவியின் புத்திக்கு எட்டாதது உண்டா? அவரே பொறுப்பேற்கட்டும். ஆணை தவறினால் நாடு கடத்திவிடலாம்."

நல்லாண்டான் ராஜாவின் முகத்தைப் பார்த்தான். பூனைக்காகப் பேரனைப் பார்க்காமலே இருந்துவிடுவாரோ என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"ஆகட்டும் மகாராஜா. எனக்கு வேண்டியது இரண்டே. தங்கள் அறையில் தங்க அனுமதி வேண்டும். தாங்கள் உடுத்திக் கழற்றிய வேட்டியும் அங்கவஸ்திரமும் ஒரு மூட்டை, வெளுக்காமல் வேண்டும்."

ராஜா உடுத்தியது அன்று மாலையே வெளுப்புக்குப் போய்விட வேண்டும் என்பது அரண்மனை வழக்கம். சலவைக்காரர் தலையைச் சொறிந்தார். "அழுக்க எதுக்குச் சேத்து வைக்கச் சொல்றீக சாமி? பேரு கெடப்போறது எனக்குல்லா" என்று புலம்பிக்கொண்டே மூட்டை கட்டிக் கொடுத்தார்.

ராஜா புறப்பட்டார். சபை முடிகிற நேரம் ஆனதும் நல்லாண்டான் ராஜாவின் வேட்டியைக் கட்டி, அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டு, அவர் வருகிற வாசல் வழியாகவே அறைக்குள் போனான். அவர் சாய்கிற மெத்தையில் சாய்ந்தான். அவர் வைக்கிற அதே மண்சட்டியில், நெத்திலி போட்டுப் பிசைந்த சோற்றை வைத்தான். செவ்வந்தி சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தது. வாசனை ராஜா வாசனை, மூஞ்சி மட்டும் விகடகவி மூஞ்சி. அது மூஞ்சியை எங்கே பார்த்தது? மடியைத்தான் பார்த்தது. ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது.

சோறு கொண்டுவந்த அவன் மனைவி பேச்சியம்மா வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ராசா உடுப்ப மாட்டிக்கிட்டு ராசா மெத்தையில சாஞ்சிருக்கீகளே, யாராச்சும் பாத்தா தல தப்புமா?"

"மெதுவாப் பேசு பேச்சி. இவளுக்கு நான்தான் ராசா. எந்திரிச்சிறப் போறா."

அதைச் சன்னல் வழியாகப் பிரதானி கேட்டுவிட்டார். அவருக்கு அன்றைக்கு இரண்டு வாய் சோறு கூடவே இறங்கியது.

மாதம் முடிந்து ராஜா பல்லக்கை விட்டு இறங்கினாரோ இல்லையோ, பிரதானி குதித்துக்கொண்டு வந்தார். "மகாராஜா, ராஜத்துரோகம். தங்கள் உடையைத் தரித்து, தங்கள் மஞ்சத்தில் சாய்ந்து, நானே ராஜா என்று தன் வாயாலேயே சொன்னான் இவன்."

ராஜாவின் முகம் சிவந்தது. "உண்மையா நல்லாண்டான்? தலை போகிற குற்றம் என்று அறிவாயா?"

"உண்மைதான் மகாராஜா. முதலில் செவ்வந்தியைப் பார்த்துவிடுங்கள். தலை எங்கே போகப்போகிறது, கழுத்தில்தானே இருக்கிறது."

ராஜா அறைக்கு விரைந்தார். வழியெல்லாம் அவர் நினைத்துக்கொண்டு வந்தது இந்த நிமிஷத்தைத்தான். "செவ்வந்தி" என்றார். கொழுகொழுவென்று மெத்தையில் கிடந்த பூனை ஒற்றைக் கண்ணைத் திறந்தது. பார்த்தது. கொட்டாவி விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

ராஜாவுக்கு நெஞ்சே உடைந்துபோனது. பிரதானி விடுவாரா? "பார்த்தீர்களா, தங்களையே மறக்கடித்துவிட்டான்."

நல்லாண்டான் பணிந்து கேட்டான். "மகாராஜா, தினமும் தாங்கள் சபை முடிந்து உள்ளே வரும்போது இவள் என்ன செய்வாள்?"

"ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். திரும்பிப் படுத்துக்கொள்வாள்."

"வேட்டை முடிந்து வந்தபோது?"

"காலைச் சுற்றிச் சுற்றிக் கதறினாள்."

"ஊருக்குப் போனவர் திரும்பினால் கதறலாம். இவளைப் பொறுத்தவரை தாங்கள் எங்கேயும் போகவேயில்லை. காலையில் சபைக்குப் போனீர்கள், இப்போது வந்திருக்கிறீர்கள். தங்கள் ஆணை அதுதானே?"

ராஜாவுக்குக் கண் கலங்கியது. அப்புறம் மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்து, தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அந்த ஒரு மாதத்து அழுக்கு மூட்டையைத் தன் தலையிலேயே சுமந்துபோய் வெளுப்புக்குப் போடும்படி பிரதானிக்கு உத்தரவாயிற்று. அவர் மூக்கைப் பொத்தவும் கை இல்லாமல் போனார்.

சிரிப்புச் சத்தத்தில் தூக்கம் கெட்ட செவ்வந்தி, முனகிக்கொண்டே எழுந்து ராஜாவின் மடியில் ஏறிச் சுருண்டது. பொன்னாடையும் முத்துமாலையும் தட்டில் வந்தன.

"நல்லாண்டான், எழுந்து நின்று போர்த்துவதுதான் முறை" என்றார் ராஜா மெல்லிய குரலில். "கொஞ்சம் குனிந்து நீயே கிட்டே வாப்பா. இப்போதுதான் கண்ணை மூடினாள்."