சலூனில் ஒருத்தனும் முடி வெட்டிக்கொள்ளவில்லை

கோவில்பட்டியில் திலகவதி என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். பகலில் பள்ளியில் கணக்குப் பாடம், மாலையில் காதல் நாவல். அறுபத்திரண்டு நாவல் எழுதியவருக்கு வயது நாற்பத்தொன்றுதான். அவருக்கு ஒரே ஒரு சீடர், பொன்னுரங்கம். தபால் ஆபீசில் ஓய்வு பெற்றவர். குருவைவிட இருபத்திரண்டு வயது மூத்தவர். டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

பொன்னுரங்கத்துக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்தது ஒரே ஆசை, தான் எழுதும் கதை அச்சில் வரவேண்டும். 1878இல் அமெரிக்காவின் மேற்கு எல்லையில் ஒரு புழுதி ஊர். அங்கே ஒரு சலூன். அதாவது, குதிரைக்காரர்கள் வந்து குடிக்கிற இடம். நடத்துகிறவள் ரெபெக்கா. அவளைத் தேடி வருகிறவன் துப்பாக்கிக்காரன் டோபியாஸ். பத்துப் பாகம் வரவேண்டிய காதல் தொடர். முதல் பாகத்துக்கே மூன்று வருஷம் ஆனது. விஸ்கி பீப்பாயின் உயரம் முதல் குதிரை லாடத்தில் எத்தனை ஆணி என்பது வரை தேடித் தேடிப் படித்து எழுதியிருந்தார்.

பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார். காதல் தொடர் என்றீர்கள், காதலைக் காணோம். திங்கட்கிழமைக்குள் சரிசெய்தால் அச்சுக்குப் போகும், இல்லாவிட்டால் அந்த இடம் பேய்க்கதைக்கு என்று கடிதம். போதாததற்கு, பதிப்பகத்தில் டைப் அடித்த பெண் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தாள்: 'சலூன் என்கிறார். இத்தனை பேர் வந்து போகிறார்கள். ஒருத்தனும் முடி வெட்டிக்கொள்ளவில்லையே?'

காதல் இல்லை என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டார் மனிதர். இந்த வரியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நேராக டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பொருமித் தீர்த்தார். நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் சலூனை அடித்துவிட்டு மதுக்கூடம் என்று போடப்போவதாகச் சொன்னார். பிறகு குரல் இறங்கிவிட்டது. டோபியாஸ் ஏழு இடத்தில் அவளிடம் காதலைச் சொல்கிறானே, இன்னும் எங்கேதான் சொல்வது என்று கேட்டார். இந்த ஒன்று அச்சில் வந்துவிட்டால் போதும் என்றபோது கண் கலங்கியது.

திலகவதி பென்சில் வரியை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை.

"சார், ஷேவ் பண்ணி எத்தனை நாளாச்சு?"

"நாலு நாள்."

"வாங்க."

தெருமுனை சலூனுக்குக் கூட்டிப்போனார். டீச்சர் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், பேப்பர் படித்துக்கொண்டிருந்த இருவர் அவசரமாகக் காலைக் கீழே போட்டார்கள். கடைக்காரர் செண்பகராஜ், பொன்னுரங்கத்தின் முகத்தில் நுரை தடவினார். அப்போதும் மதுக்கூடப் புராணம் ஓயவில்லை. செண்பகராஜ் அவர் தலையைப் பின்னால் சாய்த்து, பேசாம இருங்க அண்ணாச்சி என்று சொல்லிக் கழுத்தில் கத்தியை வைத்தார். பேச்சு நின்றது. கத்தி தொண்டைக்குழியைத் தாண்டி மேலே ஏறியது. பொன்னுரங்கத்தின் கண் தானாக மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் லேசாகக் குறட்டையும் வந்தது.

வெளியே வந்ததும் திலகவதி கேட்டார்:

"செண்பகராஜை எத்தனை வருஷமாத் தெரியும்?"

"இருபது இருக்கும்."

"புது ஊர், புதுக் கடைன்னா தூங்குவீங்களா?"

"எப்படித் தூங்கறது? கழுத்துல கத்தியில்ல இருக்கு?"

"உங்க டோபியாஸ் எப்படி?"

பொன்னுரங்கத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவன் பன்னிரண்டு வருஷமாகக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததே இல்லை, படுத்தாலும் ஒரு கண் திறந்தே இருக்கும் என்றார்.

"ரெபெக்காகிட்ட கத்தி ஏதாவது இருக்கா?"

"செத்துப்போன அவ அப்பாவோட சவரக்கத்தி. மூணாவது அத்தியாயத்துல அலமாரியில இருக்கு. சும்மா வர்ணனைக்காகப் போட்டது, டீச்சர்."

சொல்லிவிட்டு நடந்தவர், நான்கடி போய் நின்றார். கை, வழித்த கழுத்துக்குப் போனது.

"அந்த ஏழு இடத்தையும் அடிச்சிடுங்க, சார்," என்றார் திலகவதி. "சலூன் சலூனாவே இருக்கட்டும். ஒருத்தன் மட்டும் ஷேவ் பண்ணிக்கட்டும்."