மாணிக்கி படுக்கும் இடம்

“என் கையில் ஏதோ குறை இருக்கிறது, ஆசானே,” என்றான் தாணு.

நாற்பது வயதுக்கு மேல் வைத்தியம் கற்க வந்தவன் அவன். ஆசான் அவனைவிட இளையவர். மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு வைத்தியசாலை இருந்தது.

“யாருடைய நோய் உம்மை இப்படிச் சொல்ல வைக்கிறது?”

“மாணிக்கியின் கால் புண். ஆறுகிறது. மழை வந்தால் மறுபடி வாய் திறக்கிறது. இந்தத் தடவை முழங்கால்வரை வீங்கிவிட்டது. இனி உயிருக்கே ஆபத்து.”

“அவள் எங்கே படுக்கிறாள்?”

தாணு விழித்தான். நாடி பார்த்திருக்கிறான், நாக்கைப் பார்த்திருக்கிறான். இதைக் கேட்டதில்லை.

“ஒரு பகல் அவளோடு இருந்துவிட்டு வாரும்.”

மாணிக்கி சந்தைக் கொட்டகையில் இருந்தாள். மலையிலிருந்து இறங்கிய மூடுபனி அவளுக்கு முன்பே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தது. கூரை ஓலைகளுக்கிடையே மழை நூல் நூலாக இறங்கியது.

தாணு ஒரு தூணில் சாய்ந்தான். கண் சொருகியது. ஏதோ ஒரு ஆற்றில் நீந்திக்கொண்டிருந்தான். கரை தெரிந்தது. கை வைக்கப் போனபோது யாரோ தோளைக் குத்தினார்கள்.

“எழுந்திரு. இது கடை போடுகிற இடம்.”

மாணிக்கி ஏற்கெனவே மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு நொண்டத் தொடங்கியிருந்தாள்.

கோயில் மதிலோரம் போனார்கள். மறுபடி கண் சொருகியது. மறுபடி அதே ஆறு. மறுபடி ஒரு கை.

“நான் கொடுத்த எண்ணெய் எங்கே?” என்று கேட்டான்.

“நாய் உருட்டிவிட்டுப் போச்சு, ஐயா. எங்கே வைக்கட்டும், சொல்லுங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. அவன் ஓர் இடம் காட்டுவான் என்று உண்மையாகவே காத்திருந்தாள்.

பொழுது சாயும்போது தாணு திரும்பி வந்தான்.

“ஆசானே, அவள் தூங்குவதே இல்லை.”

ஆசான் மருந்துப் பையை எடுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தாணு பின்னால் போனான். நடை ஊர்த்தலைவர் வீட்டில் போய் நின்றது.

“சத்திரத்தின் பின்கட்டில் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒன்றை மாணிக்கிக்குக் கொடுங்கள்,” என்றார் ஆசான்.

ஊர்த்தலைவர் சிரித்தார். “வைத்தியர் மருந்தைப் பார்த்தால் போதாதா? வீடு வாசலெல்லாம் எங்கள் கவலை.”

“என்னிடம் மருந்து தீர்ந்துவிட்டது. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.”

“முதலில் கால் ஆறட்டும். அப்புறம் பார்க்கலாம்.”

“ஆடியில் உங்கள் பேரனுக்குக் காய்ச்சல் வந்ததே. காய்ச்சல் தணிந்த பிறகா வீட்டுக்குள் விட்டீர்கள்?”

ஊர்த்தலைவர் எழுந்து உள்ளே போனார். ஓட்டின்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது.

நெடுநேரம் கழித்து ஒரு சாவியோடு வந்தார்.

அந்த மழைக்காலம் ஓயவே இல்லை. தாணு அதே எண்ணெயைத்தான் போட்டுவந்தான். வீக்கம் வடிந்தது. புண் ஓரங்களில் புதுத்தோல் தெரிந்தது.

ஒரு காலை, பனிக்குள் புகுந்து சத்திரத்துக்குப் போனவன் எண்ணெய்க் கிண்ணத்தோடு அப்படியே திரும்பி வந்தான்.

“புண் எப்படி இருக்கிறது?” என்று கேட்டார் ஆசான்.

“பார்க்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருக்கிறாள். குறட்டை கேட்டது.”

“தட்டினீரா?”

தாணு கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

“அவள் திறக்கும்போது போகிறேன்.”